ஒரே ஹோண்டா, ஊருக்கொரு பேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் கார் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே இருக்கும் பல மாடிக் கார் நிறுத்தத்தில் எந்தத் தளத்தில் எந்த ஹோண்டா நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதில் ஒன்றுகூட என் பெயரில் இல்லை. இருபது வருடமாக இதே பைத்தியம்தான். கல்யாண வீட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போதும், தேக்கா சந்தையில் மீன் வெட்டித் தரும்வரை நிற்கும்போதும் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதி வைத்துவிட்டேன்.

ஃபிட்டும் ஜாஸும் ஒரே வண்டிதானே? அப்புறம் எதற்கு இரண்டு பேர்?

ஒரே வண்டிதான். 2001-ல் ஜப்பானில் ‘ஃபிட்’ என்று வந்தது. அமெரிக்காவிலும் சீனாவிலும் அதே பேர். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்தியா, நம் வட்டாரம் இங்கெல்லாம் ‘ஜாஸ்’. இந்த ஜாஸ் புதுப்பேரும் இல்லை. 1981-ல் ஜப்பானில் வந்த முதல் ‘சிட்டி’யை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும்போது ‘சிட்டி’ என்ற பேர் ஓப்பல் கார் கம்பெனியின் கையில் இருந்ததால், அங்கே ஜாஸ் என்று விற்றார்கள். (அந்த முதல் சிட்டியின் பின்பெட்டிக்குள் மடக்கி வைக்கிற அளவில் ‘மோட்டோகாம்போ’ என்று ஒரு குட்டி ஸ்கூட்டரையும் கூடவே விற்றார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

நம் ஊர் விசேஷம் என்னவென்றால், ஃபிட்டும் ஜாஸும் ஒரே கார் நிறுத்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வண்டி இங்கே வர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அதிகாரபூர்வ முகவரான கா மோட்டார். 1958-ல் ஹோண்டா மோட்டார் சைக்கிளை மலாயாவுக்குக் கொண்டுவந்த பினாங்கு லோ பூன் சியூவின் ஓரியண்டல் ஹோல்டிங்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது அது. இன்னொன்று பேரலல் இம்போர்ட்டர், பேச்சில் ‘பீஐ’. உபி, காக்கி புக்கிட் பக்கம் போனால் வரிசையாக இருப்பார்கள். ஜப்பானில் விற்கும் புது வண்டியை அப்படியே வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். முகவர் வழியாக வந்தால் ஜாஸ், பீஐ வழியாக வந்தால் ஃபிட்.

பின்னால் இருக்கும் பேரைக் கழற்றிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

முதலில் பின்கண்ணாடி. ஜப்பான் வண்டியென்றால் நட்சத்திரங்கள் போட்ட வட்டமான ஒரு ஸ்டிக்கர், ஜப்பானிய எழுத்தோடு, இன்னும் ஒட்டியிருக்கும். புகை குறைவான வண்டி என்பதற்கான அடையாளம். இங்கே அதற்கு எந்தப் பயனும் இல்லை, ஆனாலும் ஒருவரும் உரிப்பதில்லை. உரித்துவிட்டால் ஜப்பான் வண்டி என்று எப்படித் தெரியும்?

அடுத்து, ஜன்னல் வழியாக ஸ்பீடோமீட்டரை எட்டிப் பாருங்கள். (ஓனர் பக்கத்தில் இருந்தால் அனுமதி கேளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் பார்த்து, மூன்றாம் தளத்தில் ஒரு அம்மாவிடம் நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.) ஜப்பான் உள்நாட்டு வண்டியில் எண்கள் பெரும்பாலும் 180-ஓடு முடிந்துவிடும். நம் விரைவுச்சாலையில் 90-க்கு மேல் போகக்கூடாது என்பதால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது வானொலி. ஜப்பானில் பண்பலை 76-ல் தொடங்கி 90-ஓடு முடிந்துகொண்டிருந்தது, பிறகு 95 வரை நீட்டினார்கள். நம் ஊர் அலைவரிசைகள் 88 முதல் 108 வரை. ஆக, ஜப்பான் ரேடியோவை மாற்றாமல் வைத்திருக்கும் வண்டியில் நம் தமிழ் வானொலியான ஒலி 96.8 வரவே வராது. என் மைத்துனரின் பழைய ஃபிட்டில் இதே சிக்கல். ரேடியோவை மாற்றாமல் ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’ என்று தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை ஏரியல் வயருக்கு நடுவில் மாட்டிக் கொடுத்தார்கள். அது வருகிற அலைவரிசையில் 12 குறைத்து ரேடியோவுக்குக் கொடுக்கும். அதனால் அவர் வண்டியில் ஒலி 84.8-ல் வரும். அவருடைய மகள் அந்த எண்ணைப் பார்த்தே வளர்ந்தவள். அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் தப்பாகச் சொல்கிறார் என்று கொஞ்ச நாள் வாதாடிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக, பொய் சொல்லவே முடியாத ஒன்று: சேசிஸ் எண், அதாவது வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண். ஏற்றுமதிக்காகச் செய்த வண்டிகளில் 17 இலக்கம் இருக்கும். ‘ஜே’யில் தொடங்கினால் ஜப்பான், ‘எம்ஆர்’ என்றால் தாய்லாந்து, ‘எம்ஏ’ என்றால் இந்தியா, ‘பிஎம்’ என்றால் மலேசியா, ‘எஸ்’ஸில் தொடங்கினால் இங்கிலாந்து. ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு இந்த 17 இலக்கமே கிடையாது. மாடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு ஏழு எண்கள், அவ்வளவுதான்.

வெசலும் எச்ஆர்-வியும்?

அதே கதைதான். 2013 டிசம்பரில் ஜப்பானில் வெசல், வெளியூரில் எச்ஆர்-வி. இங்கே கிராப் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன்மார் பலர் வைத்திருந்தது வெசல் ஹைபிரிட்.

சிக்கல் அமெரிக்காவுக்குப் போகும்போது வரும். 2022-லிருந்து அங்கே எச்ஆர்-வி என்று விற்பது வேறு வண்டி. சிவிக்கின் அடித்தளத்தில் செய்தது, இதைவிடப் பெரியது. அந்த வண்டி ஜப்பானில் ‘இசட்ஆர்-வி’. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் “எங்களிடமும் எச்ஆர்-விதான் இருக்கிறது” என்று சொன்னால் சும்மா தலையாட்டிவிடுங்கள். நான் ஆட்டாமல் விளக்கப் போய், சாம்பார் ஆறிவிட்டது.

டபிள்யூஆர்-வி ஜொகூரில் பார்த்தேன், ஜப்பானுக்குப் போனபோதும் பார்த்தேன். இரண்டும் வேறு மாதிரி இருந்ததே, என் கண்ணில் கோளாறா?

கண் நன்றாக இருக்கிறது. ஒரே பேரில் மூன்று வண்டிகள்.

முதல் டபிள்யூஆர்-வி 2017-ல் இந்தியாவில் வந்தது. ஜாஸைக் கொஞ்சம் தூக்கி, சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டிய வண்டி. இரண்டாவது 2022 நவம்பரில் இந்தோனேசியாவில் வந்த புது வண்டி, நீளம் 4 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 2023-ல் மலேசியாவுக்கும் வந்தது. ஜொகூரில் நீங்கள் பார்த்தது அது. மூன்றாவதுதான் வேடிக்கை. 2023-ல் இந்தியாவில் ‘எலிவேட்’ என்று ஒன்று வந்தது, 4.3 மீட்டர் நீளம். ராஜஸ்தானில் தபுகாராவில் இருக்கும் தொழிற்சாலையில் செய்கிறார்கள். அதைக் கப்பலேற்றி 2024 மார்ச்சில் ஜப்பானில் விற்கத் தொடங்கியபோது வைத்த பேர் டபிள்யூஆர்-வி. தென்னாப்பிரிக்காவுக்கு அதே வண்டி எலிவேட் என்ற பேரிலேயே போகிறது.

ராஜஸ்தானில் செய்த ஹோண்டாவை ஜப்பான்காரர் காசு கொடுத்து வாங்குகிறார் என்று திருச்சியில் இருக்கும் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். “அதெல்லாம் இருக்காதுப்பா” என்று வைத்துவிட்டார். இந்தியாவில் செய்ததென்றால் மட்டம் என்று நம்மிலேயே பலருக்கு ஒரு நினைப்பு. ஒரு வண்டி எங்கே செய்யப்பட்டது என்பதைவிட எந்த விலைக்குச் செய்யப்பட்டது என்பதுதான் கேள்வி என்பது என் கட்சி.

சிட்டி ஜப்பான் வண்டி இல்லையா?

பேர் ஜப்பானில் பிறந்தது. இன்று நமக்குத் தெரிந்த சிட்டி செடான் ஆசியாவுக்கென்றே செய்தது. 1996-ல் தாய்லாந்தில் தொடங்கியது, எண்பதுகளின் சிவிக் அடித்தளத்தை வைத்து. 1998-ல் இந்தியாவுக்குப் போனது. ஜப்பானில் அந்தத் தலைமுறை விற்கவேயில்லை. அடுத்த தலைமுறையைத் தாய்லாந்திலிருந்து இறக்கி ‘ஃபிட் ஏரியா’ என்று அங்கே விற்றார்கள். 2014 கடைசியில் அதன் வாரிசு ஜப்பானில் ‘கிரேஸ்’ ஆனது. இங்கே கிரேஸ் ஹைபிரிட்டில் ஏறி விமான நிலையம் போயிருப்பீர்கள், சிட்டியில்தான் போகிறோம் என்று தெரியாமலே.

அண்ணே, ஒரே கம்பெனி எதற்கு ஊருக்கு ஊர் இப்படி மாற்றுகிறது? அந்தந்த ஊர் ரசனையா?

ரசனை கால்வாசி, மீதி வரி. எந்த நாட்டுக்காரன் எந்த இடத்தில் வரியைக் கூட்டுகிறான் என்று பார்த்தால், அந்த ஊர் வண்டி எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

ஜப்பானில் ‘கே’ வகை வண்டிக்கு வரி குறைவு. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி, இதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் என்-பாக்ஸ் நிமிர்த்தி வைத்த பிஸ்கட் டின் மாதிரி இருக்கிறது. அகலத்திலும் நீளத்திலும் தடை, ஆகவே மேலே வளர்ந்துவிட்டது. இந்தியாவில் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறையும். அமேஸின் பின்பக்கம் திடீரென்று முடிவது இதனால்தான். இந்தியாவுக்குப் போன ஜாஸுக்கு 1.2 லிட்டர் இன்ஜின் வைத்ததும் இதே கணக்கு.

நம் ஊர் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்தான் சிஓஇ. அதில் சின்ன வண்டிகளுக்கான ஏ பிரிவு 1600 சிசி வரை, அதைத் தாண்டினால் பி பிரிவு. முன்பு அது மட்டுமே நிபந்தனை. 1.6 லிட்டர் டர்போ வைத்த மெர்சிடிஸெல்லாம் சின்ன வண்டிகளோடு சேர்ந்து ஏ பிரிவில் உட்கார்ந்திருந்தன. 2014 பிப்ரவரியிலிருந்து சக்தி 97 கிலோவாட்டுக்குள், அதாவது 130 குதிரைத்திறனுக்குள் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

இப்போது சிவிக்கைப் பாருங்கள். 2021-ல் வந்த தலைமுறை, 1.5 லிட்டர் டர்போ. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், அதே இன்ஜின் 182 குதிரைத்திறன். இந்தப் பக்கம் 129. இன்ஜினில் குறை ஒன்றும் இல்லை, ஏ பிரிவுக்குள் நுழையக் குனிய வைத்திருக்கிறார்கள். 2023 அக்டோபர் இரண்டாவது ஏலத்தில் ஏ பிரிவு 106,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பி பிரிவு 150,001 வெள்ளி. வித்தியாசம் 44,001. குறைத்த குதிரைகள் 53. குதிரைக்கு 830 வெள்ளி என்று ஒரு டிஷ்யூ தாளில் கணக்குப் போட்டு நண்பரிடம் காட்டினேன். அவர் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தார், ரசிக்கவில்லை.

டைப் ஆர்?

ஹோண்டா வேகத்துக்கென்றே செய்யும் வகை. இதற்கு ஒரு சாயங்காலம் வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

2007-ல் ஒரே பேரில் இரண்டு சிவிக் டைப் ஆர் வந்தன. ஜப்பானில் செய்த எஃப்டி2: நான்கு கதவு செடான், 225 குதிரைத்திறன், பின்னால் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு), முதுகெலும்பை எண்ண வைக்கும் விறைப்பு. இங்கிலாந்தில் ஸ்விண்டனில் செய்த எஃப்என்2: மூன்று கதவு ஹேட்ச்பேக், 201 குதிரைத்திறன், பின்னால் எளிமையான டார்ஷன் பீம். இரண்டுமே சிங்கப்பூரில் ஓடின. இரண்டிலும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். எஃப்டி2-வில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயில் போனபோது சாலையின் ஒவ்வொரு ஒட்டும் இடுப்பில் தெரிந்தது. அதை ஓட்டியவர் சிரித்துக்கொண்டே இருந்தார். சந்தேகமே இல்லாமல் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அன்றாடம் ஓட்ட, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, எஃப்என்2 தான் மனிதத்தன்மையுள்ள வண்டி.

எஃப்என்2-வில் இன்னொரு கூத்து. இங்கிலாந்தில் செய்ததால் சிக்னல் தண்டு ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம். ஜப்பான் வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால், திரும்பும் இடத்திலெல்லாம் வெயிலில் வைப்பர் ஆடும். இதே இங்கிலாந்து வண்டியை 2009 கடைசியில் ‘டைப் ஆர் யூரோ’ என்று 2,010 எண்ணிக்கையில் ஜப்பானுக்கே கொண்டுபோய் விற்றார்கள். ஸ்விண்டன் தொழிற்சாலை 2021-ல் மூடப்பட்டது. இப்போதைய டைப் ஆர் ஜப்பானில்தான் செய்யப்படுகிறது.

யூரோ என்றதும் ஞாபகம் வருகிறது: ‘அக்கார்டு யூரோ ஆர்’ ஐரோப்பாவில் விற்கப்படவே இல்லை. ஜப்பானுக்காகச் செய்தது.

அக்யூரா என்பது ஹோண்டாவா?

ஆம். 1986-ல் அமெரிக்காவில் தொடங்கிய உயர்விலைப் பேர். ஜப்பானிய, ஐரோப்பிய அக்கார்டு அங்கே போய் அக்யூரா டிஎஸ்எக்ஸ் ஆனது, அமெரிக்கப் பெரிய அக்கார்டு ஜப்பானுக்கு வந்து ‘இன்ஸ்பையர்’ ஆனது. நம் சாலையில் ஒரு ஹோண்டாவின் மூக்கில் அக்யூரா சின்னம் பார்த்தால், அது அநேகமாக ஓனர் வாங்கி ஒட்டியது.

மாமா ஜொகூரில் சிட்டி ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார். அதை வாங்கி இங்கே ஓட்டிவிட்டால் என்ன?

முடியாது. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான காரை இங்கே ஓட்டக்கூடாது. மாமா மலேசியர் என்றால் அவர் ஓட்டி வரலாம், நீங்கள் பக்கத்தில் உட்காரலாம். அந்த வண்டியின் தொடக்க விலை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே. மேலே சொன்ன ஏ பிரிவுத் தொகை சிஓஇ காகிதத்துக்கு மட்டும், அதுவும் வெள்ளியில். மாமாவிடம் இதைச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஜப்பானிலிருந்து நானே ஒரு பழைய வண்டியை இறக்க முடியுமா?

மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். பழைய வண்டி என்பதற்காகவே 10,000 வெள்ளி கூடுதல் கட்டணம். பிறகு சந்தை மதிப்பில் 20 விழுக்காடு சுங்கவரி, ஜிஎஸ்டி, கூடுதல் பதிவுக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலே சிஓஇ. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு நூற்றுக்கு நூறு, அதற்கு மேலே ஏறிக்கொண்டே போகும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். இதுவரை யாரும் மறுபடி கேட்டதில்லை.

முகவரிடம் வாங்கலாமா, பீஐயிடமா?

பீஐயிடம் கிடைக்கும் வகை அதிகம். சறுக்குக் கதவு வைத்த ஃப்ரீட், கண்ணாடிக் கூரை போட்ட ஏர்வேவ் மாதிரி ஜப்பான் குடும்ப வண்டிகள் இந்த ஊரில் இத்தனை ஓடுவதற்கு அவர்கள் முக்கியக் காரணம். ஆனால் உத்தரவாதம் ஹோண்டா கொடுப்பதா, கடைக்காரர் கொடுப்பதா என்று எழுத்தில் பாருங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

என் மைத்துனர் இரண்டாவது வண்டியை ஒரு கடையில் பதிந்தார். பேர் வேண்டாம். மூன்று மாதத்தில் வரும் என்றார்கள். ‘சிஓஇ உறுதியில்லை’ என்ற வரி ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. ஏலத்துக்கு ஏலம் “இந்த முறை கிடைக்கவில்லை, கொஞ்சம் மேலே போட்டுக் கொடுங்கள் சார்” என்று போன் வரும். ஏழாவது மாதம் வண்டி வந்தது, கேட்ட நிறத்தில் இல்லை. அக்கா ஒருவாரம் அதில் ஏறவில்லை.

இன்னொன்று, ஹைபிரிட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது. மூன்றாம் தலைமுறை ஃபிட் ஹைபிரிட் 2013-ல் வந்து, அடுத்த ஆண்டு அக்டோபருக்குள் ஐந்து முறை ஜப்பானில் திரும்ப அழைக்கப்பட்டது. பெரும்பாலும் ஏழு கியர் இரட்டை கிளட்சின் மென்பொருள் கோளாறு. ஹோண்டாவின் மூத்த அதிகாரிகள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் போனது. ஜப்பானில் திரும்ப அழைத்தால் உங்கள் வண்டிக்கு யார் செய்து தருவார்கள்? இந்தக் கேள்வியைக் கடையில் கேட்டு, பதில் சொல்பவர் முகத்தைப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோஜனம்?

இதைக் கேட்டது என் மனைவி. ஒரே ஒருமுறை பயன்பட்டது, சொல்கிறேன்.

திருச்சி பெரியப்பாவிடம் 1998 சிட்டி இன்னும் ஓடுகிறது. போன வருடம் ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் சுவிட்ச் உடைந்துவிட்டது. அங்கே மெக்கானிக், “இது ஜப்பான் வண்டி, ஜப்பான் சாமான்தான் வேண்டும், சிங்கப்பூரில் தம்பி இருக்கிறாரே” என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா என்னிடம் ஜப்பான் ஹாஃப் கட்டில் தேடச் சொன்னார். அதாவது ஜப்பானில் பாதியாக வெட்டி ஜொகூருக்கு வரும் பழைய வண்டிகள், உதிரிபாகத்துக்கு நம்மவர்கள் போய்த் தோண்டும் இடம். ஆனால் இந்தச் சிட்டி ஜப்பானில் விற்கவே இல்லையே, ஹாஃப் கட் எப்படி வரும்? மலேசியாவில் விற்றது. ஆகவே தேட வேண்டியது ஜப்பான் சாமான் கடையில் அல்ல, உள்ளூர்ப் பழைய இரும்புக் கடையில்.

ஜொகூர் மாமா அழைத்துப் போனார். மூன்றாவது கடையில் கூரையில்லாத ஒரு சிட்டி, உள்ளே கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. கதவிலிருந்து சுவிட்சைக் கழற்றி, பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தோடு பின்பக்கத்துப் பின்களை ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கடைக்காரர் 40 ரிங்கிட் கேட்டார், மாமா 25-க்குப் பேசி முடித்தார். அந்த மாதம் ஊருக்குப் போன சித்தியின் பெட்டியில், மைலோவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் ஒரு காலுறைக்குள் சுற்றி அனுப்பினேன். ஜன்னல் இறங்குகிறது. ஏறுவதற்கு மட்டும் கையால் கொஞ்சம் தூக்கிவிட வேண்டுமாம்.